காம்பு, பீப்பாய், கட்டுக்கதை

பிரான்சின் பர்கண்டி ஒயின் செத்துவிட்டது என்று சென்ற இதழில் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைத்திருக்கிறார் ஒரு ஒயின் ரசிகர். அவர் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். அந்தக் காலத்து பர்கண்டி வெளிறிய நிறமும் ரோஜா வாசனையுமாக மண்ணின் குணத்தைக் காட்டியது. இன்றைய பர்கண்டி கறுத்து, தடித்து, ஜாம் மாதிரி இனிக்கிறது. புதுப் பலகை வாசம் அடிக்கிறது. முன்னது மரபு, பின்னது நவீனம். கெடுத்தவர்கள் பர்கண்டியில் ஒயின் செய்த ஆன்ரி ஜாயேயும் அமெரிக்க விமர்சகர்களும். இதற்கெல்லாம் ஆதாரம், நண்பர்களைக் கூட்டி அவர் நடத்திய ஒரே ஒரு ருசிப்பு விருந்து.

அந்த விருந்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மேசையின் ஒரு பக்கம் 1978, 1985 புட்டிகள். எதிர்ப்பக்கம் 2018, 2019. மரபையும் நவீனத்தையும் எதிரெதிரே நிறுத்தியதாக அவருக்கு நினைப்பு. நிறுத்தியது கிழவர்களையும் குழந்தைகளையும். பினோ நுவார் திராட்சையின் ஒயின் வயதாக ஆக வெளுக்கும். நிறமியும் டானினும் பிணைந்து கனத்து, புட்டியின் அடியில் வண்டலாகப் படியும். பழ வாசனை அடங்கிப்போய் உலர்ந்த ரோஜா இதழ், தேயிலை, காளான், மழையில் ஊறிய சருகு என்று ஒவ்வொன்றாக மேலே வரும். புதுப் பீப்பாய் தரும் வெனிலா, வறுத்த மரம் முதலான வாசனைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒயினோடு கலந்து தனியே தெரியாமல் போகும். ஆக, மரபின் லட்சணங்கள் என்று அவர் அடுக்கிய அத்தனையும் முதுமையின் லட்சணங்கள். 1978ஐ அவர் 1982இல் திறந்து பார்த்திருந்தால் துவர்ப்பில் முகம் சுளித்திருப்பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏன் 1978? ஏன் 1985? அதே காலத்துப் பிள்ளைகள்தானே 1975, 1977, 1984? அவற்றை ஏன் அழைக்கவில்லை? 1975இல் கொடிகளிலேயே பழம் அழுகியது. 1984இல் பழம் ஒழுங்காகப் பழுக்கவே இல்லை. அந்த ஆண்டுகளின் ஒயின் பெரும்பாலும் நீர்த்து, புளித்து, எப்போதோ தீர்ந்துபோனது; மிச்சம் இருந்தாலும் விருந்துக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். நல்லது மட்டும் பிழைத்து வந்திருக்கிறது. பிழைத்ததை மட்டும் குடித்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று தீர்ப்பு எழுதுவது ரொம்ப சௌகரியமான வேலை.

2018, 2019 ஒயின்கள் கனமாக இருந்தன என்கிறார். இருந்தன, மறுக்கவில்லை. இரண்டும் கொளுத்திய கோடைகள். பர்கண்டியின் போன் நகரத்தில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொடரை ஆராய்ந்து 2019இல் வந்த ஆய்வு, 1988க்குப் பிறகு அறுவடை அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக வருகிறது என்று காட்டியது. வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை கூடும். சர்க்கரை கூடினால் ஆல்கஹால் கூடும். இதற்கு ஆன்ரி ஜாயே என்ன செய்வார்? அவர் 2006லேயே காலமாகிவிட்டார். குற்றவாளி ஒயின் செய்பவர்களின் பாணிதான் என்றால் நண்பர் 2021க்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஏப்ரலில் பனி விழுந்து தளிர்கள் கருகின, கோடையிலும் குளிரும் மழையும் விடவில்லை. ஆட்களும் தொட்டிகளும் மாறவில்லை. ஒயின் மட்டும் வெளிறி, மெலிந்து, வாசனையாக வந்தது. நண்பர் ஏங்கும் அதே பர்கண்டி. நவீனம் அந்த ஒரு வருஷம் லீவு போட்டிருந்ததா?

காம்பு விஷயத்துக்கு வருவோம். நண்பர் கட்டுரையின் முதுகெலும்பே அதுதான். பறித்த குலையைக் காம்போடு தொட்டியில் போடுவது மரபாம். இயந்திரத்தில் விட்டுக் காம்பை நீக்கி மணிகளை மட்டும் போடுவது நவீனமாம். பழைய பீப்பாய் மரபு, புதுப் பீப்பாய் நவீனம். கோடு போட்டுப் பிரித்துவிட்டார்.

காம்போடு போடுவது என்ன செய்கிறது என்று அவர் ஒரு வரி எழுதியிருக்கலாம். உடையாத மணிக்குள்ளேயே நொதித்தல் தொடங்குவதால் ஒயினுக்கு ராஸ்பெர்ரி போன்ற ஒரு துள்ளலான வாசனை வரும். காம்பில் உள்ள பொட்டாசியம் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும். காம்பு நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அப்படிச் செய்த ஒயின் பார்வைக்கு வெளிறித் தெரிகிறது. காம்பு நன்றாக முற்றியிருந்தால் ரோஜா, கிராம்பு, தேயிலை. பச்சையாக இருந்தால் குடைமிளகாயும் கசப்பும். அதாவது காம்பு ஒரு கருவி. எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எவ்வளவு முற்றல் என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். வெயில் குறைந்த அந்தக் காலத்தில் காம்பு முற்றாத ஆண்டுகளே அதிகம். ஜாயே போன்றவர்கள் அதை நீக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது வெயில் கூடிவிட்டது, காம்பும் முற்றுகிறது, இளைய தலைமுறை மறுபடி காம்போடு போடுகிறது. அப்படியானால் கடந்த இருபது ஆண்டுகளாக பர்கண்டியில் ஓடும் புதிய மோஸ்தர் எது தெரியுமா? நண்பர் மரபு என்று பூஜை செய்யும் அதே காம்புதான். இது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தால் கட்டுரை நிற்காது, அதனால் விட்டுவிட்டார்.

சரி, அவர் போட்ட கோட்டிலேயே ஆட்களை நிறுத்திப் பார்ப்போம். ரொமானே கோந்தி பண்ணை பெரும்பாலும் காம்போடுதான் செய்கிறது. ஆனால் பீப்பாய்கள் முழுக்கப் புதியவை. அர்மான் ரூசோவின் ஷாம்பெர்த்தனில் காம்பு பெரும்பாலும் நீக்கப்படுகிறது, பீப்பாய் புதியது. நுயி சான் ஜோர்ஜில் ஆன்ரி கூஜ் குடும்பம் காம்பை நீக்குகிறது, புதுப் பீப்பாயோ கொஞ்சம்தான். இவர்களில் யார் மரபு, யார் நவீனம்? ரூசோ முழு நவீனமாகிவிடுவார்; மற்ற இருவரையும் பாதிப் பாதியாக அறுத்தால்தான் நண்பரின் கோடு பிழைக்கும்.

இதை நாக்கால் சோதிக்க நினைப்பவருக்கு பர்கண்டியிலேயே ஒரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஜெவ்ரே ஷாம்பெர்த்தன் ஊருக்கு மேலே க்ளோ சான் ஜாக் என்ற தோட்டம், சுமார் 6.7 ஹெக்டேர். ஐந்து பேருக்குச் சொந்தம்: ரூசோ, ஃபூரியே, ப்ரூனோ க்ளேர், சில்வி எஸ்மோனன், லூயி ஜாடோ. பர்கண்டியில் பங்கு பிரித்தால் வழக்கமாக ஒருவருக்கு மேடு, ஒருவருக்குப் பள்ளம் என்று சிதறும். இங்கே பங்குகள் சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை நீள நீளப் பட்டைகளாக ஓடுகின்றன. மேலே உள்ள வெளுத்த சுண்ணாம்பு மண்ணும் கீழே உள்ள பழுப்புக் களிமண்ணும் எல்லாப் புட்டியிலும் உண்டு. எனக்கு மண் மட்டம், உனக்கு மண் உசத்தி என்று எவரும் தப்பிக்க முடியாது. ஒரே மண், ஒரே ஆண்டு, ஐந்து கை.

ஃபூரியே காம்பை நீக்கிவிடுகிறார். நண்பர் கணக்கில் நவீனம். ஆனால் அவரிடம் புதுப் பீப்பாய் ஐந்தில் ஒரு பங்குதான், மரபு. எஸ்மோனன் காம்பை நிறையச் சேர்க்கிறார்; மரபு. கூடவே புதுப் பீப்பாயும் நிறைய, நவீனம். இரண்டையும் ஒரே ஆண்டில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். ஃபூரியே கந்தகத்தை மிகக் குறைவாகப் போட்டு, நொதித்தலில் உண்டான கரியமில வாயுவைக் கொஞ்சம் மிச்சம் வைத்துப் புட்டியில் அடைப்பவர். இளம் ஒயின் நாக்கு நுனியில் குறுகுறுக்கும். கூஜாவில் ஊற்றி நன்றாகக் குலுக்கினால்தான் அடங்கும். அடங்கியதும் புதுசாகக் கடித்த செர்ரியின் சுத்தமான புளிப்பு. எஸ்மோனனில் முதலில் எழுவது கிராம்பும் புகையும். பழம் பின்னாலிருந்து வருகிறது, ஈறில் துவர்ப்பு உட்காருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கல் போன்ற இறுக்கம் பொதுவாக இருக்கிறது, அது தோட்டத்தினுடையது. இதில் எது மண்ணின் குணத்தைக் காட்டவில்லை? எனக்கு ஃபூரியேதான் பிடிக்கும், அது என் நாக்கின் விருப்பம். நண்பரோ தன் நாக்கின் விருப்பத்தை வரலாற்றின் தீர்ப்பாக மாற்றி அச்சில் ஏற்றுகிறார்.

வரலாறு என்றாரே, அதையும் பார்த்துவிடலாம். துறவிகள் எதையும் செய்யாமல் மண்ணையே ஒயினாக்கினார்கள் என்கிறார். 1098இல் சித்தோ மடம் தோன்றியது. அந்தத் துறவிகள் க்ளோ த வூஜோ தோட்டத்தை வளைத்து மதில் கட்டினார்கள். உண்மை. ஆனால் அவர்கள் குடித்த ஒயின் நண்பரின் 1978 மாதிரி இருந்தது என்று அவருக்கு யார் சொன்னது? புட்டியில் அடைத்து, தக்கை செருகி, பல்லாண்டு வைத்துக் குடிக்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் அங்கே இல்லை. பீப்பாயிலிருந்து நேராக, பெரும்பாலும் அடுத்த அறுவடைக்குள் குடித்து முடிக்க வேண்டிய சரக்கு அது. 1728இல் கிளோத் அர்னூ பர்கண்டி ஒயின்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் அந்தக் காலத்து வொல்னே ஊர் ஒயின் சில மணி நேரமே தோலோடு ஊறிய, கவுதாரிக் கண் போன்ற வெளிர்ச்சிவப்புச் சரக்கு. வாரக்கணக்கில் தோலோடு ஊறவைத்து நீண்ட நாள் தாங்கும்படி செய்யும் சிவப்பு பர்கண்டி அதற்குப் பிறகு நிலைத்த நவீன பாணி. நண்பர் 'என்றும் உள்ளது' என்று வணங்குவது அந்த நவீனத்தைத்தான்.

கொடிக்கும் அதே கதி. 1878இல் மெர்சோ ஊர்ப் பக்கம், கொடியின் வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து சேர்ந்தது. அதுவரை பர்கண்டியில் கொடிகள் வரிசையே இல்லாமல் காடு மாதிரி நெருக்கமாக நின்றன. கிளையை மண்ணில் புதைத்துப் புதுக்கொடி எடுப்பார்கள். பூச்சிக்குப் பிறகு அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி, நேர் வரிசையில் நட்டார்கள். ரொமானே கோந்தி தோட்டம் மட்டும் ரசாயனம் ஊற்றிக்கொண்டே சொந்த வேரில் 1945 வரை தாக்குப்பிடித்தது. பிறகு அதையும் பிடுங்கினார்கள். 1946 முதல் 1951 வரை ரொமானே கோந்தி என்று ஒரு புட்டிகூட இல்லை. இப்போது குடிப்பது அமெரிக்க வேரில் நிற்கும் பர்கண்டி. அமெரிக்க விமர்சகர்களைத் திட்டுவதற்கு முன் காலுக்குக் கீழே கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

கலப்படத்தைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. 1920களிலும் 1930களிலும் பர்கண்டி வியாபாரிகள் பலர் பினோ நுவாரோடு தெற்கு பிரான்சின் சரக்கையும் அல்ஜீரியச் சரக்கையும் கலந்து பெரிய ஊர்களின் பேரில் விற்றார்கள். இதைப் பொறுக்காமல்தான் வொல்னேயில் மார்க்கி தாஞ்செர்வீலும், நுயியில் கூஜும், ஜெவ்ரேயில் அர்மான் ரூசோவும் தங்கள் ஒயினைத் தாங்களே புட்டியில் அடைக்கத் தொடங்கினார்கள். தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என்ற, இன்று மரபின் சின்னமாகக் கருதப்படும் வழக்கத்துக்கு அங்கே நூறு வயதுதான் ஆகிறது. அதுவும் பழைய வழக்கத்தின் திருட்டுத்தனத்தை எதிர்த்துக் கிளம்பிய கலகம். பிரிட்டன் 1973இல் ஐரோப்பியச் சந்தையில் சேரும் வரை பிரான்சின் ஊர்ப்பெயர்ச் சட்டம் அங்கே செல்லுபடி ஆகவில்லை. 'பழைய பாணியில் திடமான பர்கண்டி' என்று அந்நாட்டுப் பெரியவர்கள் உருகியதில் அல்ஜீரிய வெயிலுக்கும் பங்கு உண்டு.

சர்க்கரை மூட்டையையும் மறந்துவிட்டார். 1801இல் வேதியியலாளர் சப்தால் ஒயின் பற்றி நூல் எழுதினார், நெப்போலியனிடம் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். பழத்தில் இனிப்பு பற்றாதபோது நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டு நெடுக பர்கண்டியில் சர்க்கரை சேர்ப்பது சர்வ சாதாரணம். நண்பர் கொண்டாடும் எழுபதுகளின் ஒயின்களில் கொஞ்சம் ஆல்கஹால் கடையில் வாங்கிய சர்க்கரையிலிருந்து வந்தது. மண்ணிலும் அப்படித்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பொட்டாஷ் உரத்தை வாரிக் கொட்டினார்கள். அதனால் புளிப்பு குறைந்து ஒயின் சப்பென்று போனது. களைக்கொல்லியும் சேர்ந்துகொண்டது. பர்கண்டி மண்ணில் உயிரே இல்லாமல் போகிறது என்று மண் ஆய்வாளர் க்ளோத் பூர்கிஞான் எண்பதுகளில் எச்சரிக்கை விட்டார். உழவு மீண்டதும் களைக்கொல்லி குறைந்ததும் அதற்குப் பிறகு. மண்ணின் குணத்தைக் கெடுத்த தலைமுறையை மரபு என்றும், அதைத் திரும்பக் கொண்டுவந்த தலைமுறையை நவீனம் என்றும் பெயர் மாற்றிப் போட ஒரு துணிச்சல் வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் முடிய பர்கண்டியில் சிலர் வரம்பு மீறினார்கள். கீ அக்காட் என்ற ஆலோசகர் சொன்னபடி கந்தகத்தை நிறையப் போட்டு, குளிரில் நாள்கணக்கில் ஊறவைத்து, கறுப்பாகச் சாறு இறக்கினார்கள். மதிப்பெண்ணுக்காகப் பீப்பாயைக் கருக்கியவர்களும் உண்டு. அந்த ஒயின்களில் பல குடிக்கச் சலிப்பானவை. ஆனால் ஜாயேயை அந்தக் கூட்டத்தில் தள்ளுவது அநியாயம். ஜாயேயின் குளிர் ஊறல் வானத்திலிருந்து குதித்த கண்டுபிடிப்பா? அக்டோபர் குளிரில், சூடேற்றும் வசதி இல்லாத பழைய நிலவறையில், நொதித்தல் தானாகத் தொடங்கச் சில நாள் பிடிக்கும். அதற்குள் சாறு தோலோடு குளிரில் ஊறிவிடும். தாத்தா காலத்தில் தானாக நடந்ததை அவர் வேண்டுமென்றே செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது கிழங்கு பயிரிட்டுக் கிடந்த க்ரோ பாரந்தூ என்ற பாறை நிலத்தைப் போருக்குப் பிறகு திருத்திக் கொடி நட்ட விவசாயி அவர். அவரைத் தொழிற்சாலை ஆசாமி மாதிரி எழுதுகிறார் நண்பர்.

நண்பர் தோற்காமல் தப்பித்திருக்கக்கூடிய ஒரு இடம் இருந்தது. அதை அவரே தவறவிட்டார். வெள்ளை பர்கண்டி. 1990களின் நடுவிலிருந்து வந்த ஷார்டனே புட்டிகள் பல, பத்து ஆண்டு தாங்க வேண்டியவை, ஐந்தாறு ஆண்டிலேயே பழுப்பேறி அடிபட்ட ஆப்பிள் வாசனையோடு செத்தன. சந்தேகப் பட்டியலில் நவீன கை நிறையவே இருக்கிறது: கந்தகக் குறைப்பு, பீப்பாயின் அடிவண்டலை ஓயாமல் கிளறுவது, காற்றுப்பை வைத்து மெல்லப் பிழியும் புதிய இயந்திரம். பழைய சங்கிலிப் பிழிபொறி பழத்தை முரட்டுத்தனமாக நசுக்கியதால் சாறு முதலிலேயே பழுப்பாகி, கெட வேண்டியதெல்லாம் அப்போதே கெட்டு உதிர்ந்துவிடும். மிஞ்சிய ஒயின் நாளாவட்டத்தில் காற்றைத் தாங்கும் என்று ஒரு வலுவான கருத்து உண்டு. மட்டமான தக்கையும் குற்றக் கூண்டில் நிற்கிறது. இங்கே மரபுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை எழுத வாயில் ரோஜா வாசனை இருந்தால் போதாது, பிழிபொறியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, லேபிள். விருந்தில் புட்டிகளுக்கு உறை போட்டிருந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. போட்டிருந்தால் முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பார். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், போர்தோவின் ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களைப் போட்டு வர்ணித்தார்கள். கண் பார்த்ததைத்தான் மூக்கு முகர்கிறது. அதைவிடக் கொடுமை ஒயின் மோசடிக்காரர் ரூடி குர்னியவான் கதை. 2008இல் நியூயார்க் ஏலத்துக்கு அவரிடமிருந்து போன்சோ பண்ணையின் க்ளோ சான் தெனி, 1945 முதல் 1971 வரை, வந்து சேர்ந்தது. அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான்! லோரான் போன்சோ விமானம் ஏறிப் போய்த் தடுத்தார். கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் பழைய சரக்கோடு புதுச் சரக்கைக் கலந்து பழம்பெரும் பர்கண்டி தயாரித்த குர்னியவானுக்கு 2014இல் 10 ஆண்டு சிறை. அதற்கு முன் பல ஆண்டுகள், தேர்ந்த நாக்குக்காரர்கள் அவர் மேசையில் உட்கார்ந்து 'ஆஹா, அந்தக் காலத்து ஆழம்' என்று உருகினார்கள். லேபிள் சொன்ன ஆண்டைத்தான் அவர்கள் குடித்தார்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு யோசனை வேறு சொல்கிறார். பர்கண்டிப் புட்டிகளில் 'மரபு முறை' என்று முத்திரை குத்த வேண்டுமாம். குத்தட்டும். லூயி லத்தூர் 1797இல் தொடங்கிய வீடு, இன்றும் அதே குடும்பத்தின் கையில். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் சிவப்பு ஒயினைச் சில நொடிகள் சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்கிப் பாஸ்டர் முறையில் கிருமி நீக்கிப் புட்டியில் அடைத்து வந்திருக்கிறது. முத்திரை உண்டா, இல்லையா? ரொமானே கோந்தியில் குதிரை பூட்டி உழுகிறார்கள், காம்போடு போடுகிறார்கள், அத்தனையையும் புத்தம்புதுப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். அதற்கு முழு முத்திரையா, அரை முத்திரையா? அடுத்த இதழில் பதில் எழுதும்போது, க்ளோ சான் ஜாக்கின் ஐந்து புட்டிகளையும் ஒரே ஆண்டில் எடுத்து, காகிதம் சுற்றி, வேறொருவர் கையால் ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு, எதற்கு முத்திரை என்று நம்பர் போட்டு எழுதட்டும். லேபிள்களை அதற்குப் பிறகு பிரிப்போம்.